பச்சையம்மாள் வாங்கிய மாஸ்கோ புத்தகம்

ராஜவேலுவுக்குத் தாகம் எடுத்தால் தொண்டையை ஒரு தரம் செருமுவார். அவ்வளவுதான். பச்சையம்மாள் சொம்போடு வந்து நிற்பாள். சாப்பிடும்போது கடைசிப் பிடி சோற்றைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினால் மோர் வேண்டும் என்று அர்த்தம். குளித்துவிட்டு வாசற்படியில் சும்மா நின்றால் துண்டு. கல்யாணமாகி ஆரணிக்குப் பக்கத்தில் முள்ளிப்பட்டுக்கு வந்த புதிதில் இதையெல்லாம் அவளே பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்துக்கொண்டாள். கண்டுபிடித்த பிறகு அந்த வீட்டில் பேச்சுக்கு வேலை குறைந்துபோனது.

எல்லாம் தறியிலிருந்து வந்த பழக்கம். உடல் ஒரு நிறம், கரை இன்னொரு நிறம் என்று வரும் கோர்வைப் புடவையை ஒரே ஆள் நெய்ய முடியாது. நெய்கிறவர் தறிக் குழிக்குள் கால் வைத்து நடுவில் உட்கார வேண்டும். வலது கரைக்கான நூலைக் குறுக்கே கொண்டுபோகும் நாடாவைத் தள்ள இன்னொருவர் பக்கத்துப் பலகையில் உட்கார வேண்டும். ராஜவேலு நடுவில் உட்கார்ந்தார், பச்சையம்மாள் பலகையில் உட்கார்ந்தாள். தறிச் சத்தத்தில் கத்திப் பேசித் தொண்டை நோவானேன் என்று அவர் நாக்கை 'ச்ச்' என்று ஒரு தட்டுத் தட்டுவார். அவள் நாடாவை விடுவாள். ஒரே பெண்ணைத் தேசூரில் கட்டிக்கொடுத்து அனுப்பும் வரைக்கும், அதற்குப் பிறகும், அந்த வீட்டுக் குடும்பம் அந்த 'ச்ச்' சத்தத்தில்தான் நடந்தது. சண்டைகூடப் பெரிதாக வந்ததில்லை. வாயைத் திறந்தால்தானே சண்டை வரும்.

எண்பதுகளின் பின்பாதியில் ஒரு நாள் கைத்தறித் துறை அதிகாரி ஒருவர் ஜீப்பில் முள்ளிப்பட்டுக்கு வந்தார். ருஷ்யாவில், மாஸ்கோவில், பெரிய கைத்தொழில் கண்காட்சி நடக்கப் போகிறது. அங்கே ஒரு பட்டுத்தறி போட்டு நெய்து காட்ட ஆரணிப் பக்கத்திலிருந்து ஒருவர் வேண்டும். கூட்டுறவுச் சங்கத்தில் விசாரித்ததில் ராஜவேலுவின் பெயரைச் சொன்னார்கள். ஒன்றரை மாதம். போக வர விமானம், சாப்பாடு, தங்க இடம் எல்லாம் அரசாங்கச் செலவு.

அதிகாரி பேசிக்கொண்டிருந்தபோது பச்சையம்மாள் அவருக்குக் காபி ஆற்றிக்கொண்டிருந்தாள். ஆற்றும் கை பாதியில் நின்றுவிட்டது. தறிக்கு இரண்டு பக்கம் இருக்கிறது, அதனால் இரண்டு பேரும் போகிறோம் என்று அவள் பாட்டுக்கு நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு அந்தக் காபி ஆறுகிற நேரம்கூட நிலைக்கவில்லை.

"ஒரு தறி, ஒரு ஆள். அவ்வளவுதான் சாங்ஷன்," என்றார் அதிகாரி. "ஹெல்பர் வேணாம். ஒரே நாடாவுல நெய்யுற சாதாப் புடவை போதும். அங்க பாக்கறவங்களுக்கு வித்தியாசம் தெரியப் போறதில்ல."

சங்கத்து அட்டையிலும் தறிக்கு ஒரு பெயர்தான் இருந்தது. யார் வீட்டு அட்டையிலும் அப்படித்தான். ஊரில் இருந்த பெண்கள் அத்தனை பேரும் பலகையில் உட்கார்ந்து நாடா தள்ளினார்கள். அட்டை எழுதுகிறவர் கண்ணுக்குக் குழிக்குள் இருக்கிற ஆள்தான் தெரிந்தார். பச்சையம்மாள் இத்தனை வருஷம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. ஆனால் 'ஹெல்பர்' என்ற அந்த ஒரு சொல் அன்று சுருக்கென்று தைத்தது.

அவளும் போக ஆசைப்பட்டாள். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? எட்டாவது வரை படித்தவள். கடலை மடித்து வந்த காகிதத்தைக்கூடப் பிரித்து நீவிப் படித்துவிட்டுத்தான் அடுப்பில் போடுவாள். பார்த்த ஊர்கள் திருப்பதி, காஞ்சிபுரம், ஒரே ஒரு தடவை மெட்ராஸ். ராஜவேலு மூன்றாவதோடு நின்றவர், எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அவருக்கு ஆரணி பஜாரே அதிகம். போகிற ஆசை இவளுக்கு, டிக்கெட் அவருக்கு. 'என்னையும் கூட்டிகினு போங்க' என்று அவள் கேட்டாளா என்றால், இல்லை. கேட்டுப் பழக்கமில்லாத வீடு அது. அவருக்கு வேண்டியதை அவர் கேட்கவில்லை, இவளுக்கு வேண்டியதை இவளும் கேட்கவில்லை.

நாலு பேர் நாலு விதமாகப் பயமுறுத்தினார்கள். அங்கே மூச்சு விட்டாலே பனியாக உறையும், சோறு கண்ணில் படாது, தண்ணீர் கேட்டால் சாராயம் கொடுப்பார்கள் என்று. சங்கத்துக் கணக்கர் வேணுகோபால் மட்டும் உருப்படியாக ஒன்று சொன்னார்.

"வெளிநாடு போறவங்க கையில ஒரு கைடு புஸ்தகம் இருக்கணும்மா. ஆரணிக் கோட்டை மைதானத்தாண்ட ருஷ்யப் புஸ்தக வேன் வந்து நிக்குது. போய்ப் பாருங்க. இங்கிலீஷ்ல மேப் போட்டது ஒண்ணு இருக்கும், அதையே வாங்குங்க."

அந்த நாளில் அப்படி வேன்கள் வரும். மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்த புத்தகங்கள் வழவழவென்று, காசுக்கு மலிவாக, கனத்த அட்டையோடு இருக்கும். ருஷ்யப் பத்திரிகையின் தாளைக் கிழித்துத்தான் ஆரணிப் பிள்ளைகள் பாதிப் பேர் பள்ளிக்கூட நோட்டுக்கு அட்டை போட்டார்கள். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று படித்தவர்கள் கம்மி.

சைக்கிளில் இருவரும் போனார்கள். ராஜவேலு வேனுக்குக் கொஞ்சம் தள்ளியே சைக்கிளை நிறுத்தி அதன் மேலேயே சாய்ந்துகொண்டார். புத்தகம் பார்ப்பது தன் வேலை இல்லை என்று அவர் முகத்திலேயே எழுதியிருந்தது. பச்சையம்மாள் படியேறி வேனுக்குள் போனாள். ஜெயவேல் என்று ஒருவர் உள்ளே புத்தகம் துடைத்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் மூன்று புத்தகங்களை எடுத்து வரிசையாக வைத்தார்.

முதலாவது வேணுகோபால் சொன்ன இங்கிலீஷ் புத்தகம். நடுவில் மடித்து வைத்த படம் பிரிக்கப் பிரிக்கத் தறிப் பலகை அளவுக்கு நீண்டது. இரண்டு பேருக்கும் இங்கிலீஷ் வராது. பிரித்ததைத் திரும்ப மடிக்கத் தெரியாமல் ஜெயவேலிடமே கொடுத்துவிட்டாள்.

இரண்டாவது மெட்ராசில் ஏதோ ஒரு சின்ன அச்சகத்தில் போட்டது. உள்ளங்கை அளவு. சாணித்தாள், மை கலைந்த எழுத்து. இடது பக்கம் தமிழ், வலது பக்கம் அதையே ருஷ்ய மொழியில் எப்படிச் சொல்வது என்று தமிழ் எழுத்திலேயே போட்டிருந்தது. எனக்குத் தாகமாக இருக்கிறது. தண்ணீர் கொடுங்கள். எனக்கு இறைச்சி வேண்டாம். கழிப்பறை எங்கே இருக்கிறது. நான் வழி தவறிவிட்டேன். படம் என்று பேருக்கு ஒன்றுகூட இல்லை.

மூன்றாவதைத் திறந்ததும் பச்சையம்மாள் நின்ற இடத்தை மறந்தாள். 'மாஸ்கோ: நகரமும் மக்களும்' என்று தமிழில் கொட்டை எழுத்து. பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். பூமிக்கு அடியில் ரயில் நிலையமாம், அதில் அரண்மனை மாதிரி பளிங்குத் தூண்கள், கொத்துக் கொத்தாகக் கண்ணாடி விளக்குகள். கலர் கலராக முறுக்கிவிட்ட கோபுரங்களோடு ஒரு கோயில். ஊர் நடுவே ஓடும் ஆறு குளிர்காலத்தில் அப்படியே கெட்டியாகிவிடுமாம், அதன்மேல் ஜனங்கள் நடக்கிறார்கள். கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு கிழவி புறாவுக்குத் தானியம் போடுகிறாள். பச்சையம்மாள் அந்தக் கிழவியின் கால் செருப்பு வரைக்கும் பார்த்தாள்.

"போறவரு யாரும்மா?" என்று கேட்டார் ஜெயவேல்.

"எங்க வூட்டுக்காரரு. தோ, சைக்கிளாண்ட நிக்கறாரு."

"அவருக்குன்னா இந்தச் சின்னது போதும். சட்டைப் பையில போட்டுக்கலாம். பெரிசு வூட்ல வச்சுப் படிக்க நல்லா இருக்கும். அவசரத்துக்கு ஆவாது."

அது உண்மை என்று அவளுக்கே தெரிந்தது. பெரிய புத்தகத்தைக் கீழே வைத்தாள். சின்னதை எடுத்தாள். தண்ணீர் கொடுங்கள் என்ற வரியை மறுபடி படித்தாள். இந்த மனுஷன் இதைத் தமிழிலேயே ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லையே, ருஷ்ய மொழியிலா சொல்லப் போகிறார் என்று நினைத்தாள். கேட்கவே மாட்டாதவருக்குக் கேட்கச் சொல்லித் தரும் புத்தகம் எதற்கு? ஊர் எப்படி இருக்கும் என்று முன்னாடியே படித்துக் காட்டிவிட்டால் பயமாவது போகும். நல்ல நியாயம்தான். ஆசைக்கு நியாயம் தேடினால் கேட்டதும் கிடைத்துவிடும். சின்னதை வைத்துவிட்டுப் பெரியதை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

"இதான் உங்களுக்கு நல்லா இருக்கும்," என்றாள் அவரிடம்.

அவர் புத்தகத்தைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சைக்கிளைத் தள்ளினார்.

புறப்படும் நாள் வரை தறி வேலை முடிந்த சாயங்காலங்களில் அவள் படித்துக் காட்டினாள். அவர் நாடாவுக்குள் வைக்கும் தாரில் நூல் சுற்றிக்கொண்டே 'உம்' கொட்டினார். எந்த ரயில் நிலையத்தில் எந்த நிறப் பளிங்கு என்பது அவளுக்கு மனப்பாடம் ஆனது. அவருக்கு ஆற்றின் பெயர்கூட நிற்கவில்லை. இதற்கு நடுவில் அவர் தனியாக ஒரு நாள் ஆரணிக்குப் போய் வந்தார். எதற்கென்று அவள் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுக்கு போட்டோ எடுக்கப் போயிருப்பார் என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

புரட்டாசியில் ஒரு காலை நேரத்தில் துறை ஜீப் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனது. புத்தகத்தைப் பெட்டியில் துணிகளுக்கு மேலாக அவளே வைத்திருந்தாள். வழியனுப்ப வந்தவர்கள் எல்லாம் கலைந்த பிறகு வெறும் தறியைப் பார்க்க மனம் இல்லாமல் பார்த்தாள். அவள் உட்காரும் பலகையில், பட்டு மூடி வைக்கிற துணியில் சுற்றி, அந்தப் புத்தகம் இருந்தது.

தெருவுக்கு ஓடினாள். ஜீப் போன புழுதிகூட அடங்கிவிட்டிருந்தது.

பெட்டி கனக்கிறது என்று எடுத்து வைத்தாரோ, மறந்தாரோ. எப்படி இருந்தாலும் கையில் ஒன்றும் இல்லாமல் போய்விட்டார். அந்தச் சின்னப் புத்தகத்தை வாங்கியிருந்தால் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருப்பார். அவருக்கு என்று வாங்கப் போய் எனக்கு என்று வாங்கிவிட்டேன் என்று பச்சையம்மாளுக்கு அப்போதுதான் பட்டவர்த்தனமாக உறைத்தது. உட்கார்ந்து அழுதாள்.

அதற்குப் பிறகு அந்தப் புத்தகம் இனிக்கவில்லை. பளிங்குத் தூண் படத்தைத் திறந்தால் எந்தத் தூணுக்குப் பக்கத்தில் இவர் விழித்துக்கொண்டு நிற்கிறாரோ என்று தேடினாள். ருஷ்யக்காரன் ஒருவன் முன்னால் போய் நின்று தொண்டையைச் செருமுவார். அவனுக்கு என்ன புரியும்? இருமல் என்று நினைத்து ஒதுங்கிப் போவான். தட்டில் ஒரு பிடி ஒதுக்கினால் போதும் போல என்று தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். இப்படி நினைத்து நினைத்து அவளுக்கே சோறு இறங்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தெய்வநாயகி மத்தியானத்தில் வந்து உட்காருவாள்.

"அவரு இப்ப இன்னா பண்ணிகினு இருப்பாரு, பச்ச?"

பச்சையம்மாள் படத்தைக் காட்டிச் சொல்லுவாள். இந்த ரயிலில் போவார், இந்தப் பாலத்தைத் தாண்டுவார், இந்தக் கடையில் கம்பளி விற்கும். நாளாக ஆக இன்னும் நாலு பெண்கள் சேர்ந்துவிட்டார்கள். போகாத ஊரை அவள் கோயில் கதை சொல்கிற மாதிரி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள். கேட்டவர்கள் எழுந்து போன பிறகு புத்தகத்தைத் துணியில் சுற்றி வைத்துவிட்டு, தண்ணி குடிச்சாரோ இல்லையோ என்று தனக்குள்ளேயே முனகுவாள். தீபாவளி வந்தது, போனது. அவள் ஒரு அதிரசம்கூடச் சுடவில்லை.

கார்த்திகை பிறந்து கொஞ்ச நாளில் ராஜவேலு வந்து சேர்ந்தார். தலையில் கம்பளிக் குல்லாய், கன்னம் மட்டும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. தெருவே திரண்டு வந்து கேட்டது. அவரும் பதில் சொன்னார். அதிலேயே பச்சையம்மாளுக்கு ஆச்சரியம், மனுஷன் வாக்கியம் வாக்கியமாகப் பேசினார்.

"டீய அங்கயும் சாய்னுதான் சொல்றாங்க. நம்ம பஜார் பாய் கடையில கேக்கற மாதிரியே கேட்டேன், குடுத்துட்டாங்க," என்றார். எல்லாரும் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்தது. ராஜவேலு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். பச்சையம்மாள் சொம்பில் தண்ணீர் மொண்டு தயாராக நின்றாள், செருமட்டும் என்று.

"பச்சையம்மா, கொஞ்சம் தண்ணி குடு," என்றார் ராஜவேலு.

அவர் வாயிலிருந்து தன் முழுப் பெயரைக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று என்றே அவளுக்கு நினைவில்லை. சொம்பைக் கொடுத்தாள். அவர் குடித்து முடித்துவிட்டுக் கொஞ்சம் வெட்கப்பட்டார்.

"அங்க கேட்டுக் கேட்டுப் பழக்கமாயிடுச்சி," என்றார். "கேக்காம ஒண்ணும் வரல. மொத நாளு பூரா தாகத்தோடயே இருந்தேன். அப்பறம்தான் இத எடுத்தேன்."

சட்டைப் பையிலிருந்து அவர் எடுத்தது அந்த உள்ளங்கை அளவுப் புத்தகம். அட்டை போயிருந்தது. தண்ணீர் கொடுங்கள் இருந்த பக்கம் மடங்கி மடங்கிக் கிழிகிற பதத்தில் இருந்தது.

"இத எப்ப வாங்கினீங்க?"

"அன்னிக்கு ஆரணி போனனே, அப்ப. வேன்காரரு உன்ன ஞாபகம் வச்சிருந்தாரு. அந்தம்மா இத எடுத்து எடுத்து வச்சாங்களேன்னு சொல்லிக் குடுத்தாரு."

"அப்ப பெரிசு?"

"அது உனுக்குத்தான. நீ அத எடுத்துகினு எறங்கும்போதே தெரிஞ்சிபோச்சி. பெட்டியில வச்சிட்ட. நான் எடுத்து உன் பலகையில வச்சிட்டுப் போனேன்."

பச்சையம்மாள் உட்கார்ந்தாள். இத்தனை நாள் பட்ட வேதனை, தின்னாத சோறு, சுடாத அதிரசம் எல்லாம் ஒன்றாக நினைவுக்கு வந்தது. தான்தான் அவரைப் படித்து வைத்திருப்பதாக நினைத்திருந்தாள். அந்த ஆளும் பக்கத்திலேயே உட்கார்ந்து அவளைப் படித்திருக்கிறார்.

"ஏங்க," என்றாள். "என்னையும் கூட்டிகினு போங்கன்னு நான் கேட்டிருந்தா?"

ராஜவேலு நிமிர்ந்து பார்த்தார். உண்மையாகவே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

"நீ வரணும்னா நெனச்ச?"

"ஆமாங்க."

"கோர்வைப் புடவைதான் நெய்வேன், அதுக்கு ரெண்டு பேரு வேணும்னு ஆபீசருகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருப்பேனே. கேரளாவுலேர்ந்து பாய் நெய்யறவரு வந்தாரு, பொண்டாட்டியோடதான் வந்தாரு. கேட்டாராம், குடுத்தாங்களாம்." கொஞ்ச நேரம் குல்லாயைக் கையில் வைத்துப் பிசைந்துகொண்டிருந்தார். "நீ புஸ்தகத்துக்குத்தான் ஆசப்பட்டன்னு நெனச்சிக்கினேன் பச்ச."

அவளுக்குக் கோபம் வந்தது. அவர்மேலா, தன்மேலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள்தான். ஒருவர் மனசை ஒருவர் முக்கால்வாசி சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். மிச்சம் இருந்த கால்வாசியில் மாஸ்கோ போய்விட்டது.

மறுநாள் காலையில் தறி பூட்டினார்கள். அரக்குச் சிவப்பு உடல், பச்சைக் கரை. ராஜவேலு குழிக்குள் இறங்கினார், பச்சையம்மாள் பலகையில் உட்கார்ந்தாள். அவர் மிதிகட்டையை மிதித்து, தன் நாடாவை விட்டு, பழக்கத்தில் நாக்கைத் தட்டினார்.

'ச்ச்.'

அவள் பக்கத்து நாடா வரவில்லை. மறுபடி தட்டினார். அப்போதும் வரவில்லை. திரும்பிப் பார்த்தார். அவள் நாடாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இன்னா?" என்றார்.

"வாயத் தொறந்து கேளுங்க."

அவர் அவளையே பார்த்தார். சிரிப்பு வந்ததை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

"பச்சையம்மா, நாடா வுடு."

அவள் விட்டாள். அது கரையைத் தாண்டி வந்து சரியான இடத்தில் நின்றது.

"நானும் ஒண்ணு கேக்கறேன்," என்றாள். "அடுத்த வாட்டி எங்கனா கூப்ட்டா, ரெண்டு பேருன்னு சொல்லுங்க. நீங்க சொல்லலன்னா நான் சங்கத்துக்கு வந்து சொல்லுவேன்."

"சொல்றேன்."

"எங்க போறோம்னு தெரிஞ்சா புஸ்தகம் நான்தான் பாத்து வாங்குவேன். ரெண்டும் வாங்குவேன்."

"வாங்கு," என்றார் ராஜவேலு, அடுத்த மிதியை மிதித்தார்.